துரையா, கங்காணியா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உத்தியோகப் படிக்கட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. உச்சியில் பெரிய துரை. அவருக்கு அடுத்தபடி சின்னத் துரை. பிறகு பெரிய கிராணியார், சின்னக் கிராணிமார். அப்புறம் கங்காணி, மண்டோர். எல்லாருக்கும் கீழே வாளியும் கத்தியுமாக நம்முடைய தாய் தகப்பன்மார். யார் யாருக்கு உத்தரவு போடலாம், யாருடைய கையெழுத்துக்கு ஆபீசில் மதிப்பு, யார் நினைத்தால் ஒருவனுடைய பெயரைச் செக்ரோலிலிருந்து அடிக்க முடியும் என்பதெல்லாம் பெரட்டுக் களத்தில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதான்.

இந்த மாதம் நாம் பார்க்கப் போகிற விஷயத்துக்கு அந்த அறிவு போதுமானது. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் தங்கள் மேனேஜர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றும்போது கேட்கிற விசா, அது மறுக்கப்பட்டால் செய்கிற மேல்முறையீடு ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். முப்பது வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால் சம்பந்தம் இல்லை என்று நானும் சொல்லியிருப்பேன். இப்போது அப்படியில்லை. மாசாயைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகளில் பல, தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. பாசீர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் வந்தது. அதையொட்டி ரசாயனம், பனை எண்ணெய், மின்சாரப் பொருள் என்று ஆலைகள் எழுந்தன. அவற்றில் பலவற்றுக்குத் தாய்க் கம்பெனி அமெரிக்காவிலோ ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறது. நம் லயத்துப் பிள்ளைகள் அங்கே ஆப்பரேட்டராகச் சேர்ந்து, இரவுப் பள்ளியில் படித்து, சூப்பர்வைசராகி, மேனேஜர் என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலரைக் கம்பெனி கடல் கடந்து அனுப்ப நினைக்கிறது.

அப்படி ஒரு பையனின் தாயார் சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் நாலைந்து பக்க ஆங்கிலக் கடிதம். மகன் அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லையாம். "டீச்சர், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. போலீஸ் கேஸா? எம்மவன் என்ன தப்பு செஞ்சான்?" என்று கேட்டபோது அவருக்குக் குரல் நடுங்கியது.

"அக்கா, உங்க மகன் ஒரு தப்பும் செய்யல. அவனோட வேலைய என்னன்னு கம்பெனி சரியா எழுதிக் காட்டல, அவ்வளவுதான்" என்றேன்.

கடிதம் சொன்னது இதுதான். கம்பெனி அவனை எல்-1ஏ என்கிற விசாவில் தன்னுடைய அமெரிக்கக் கிளைக்கு மாற்ற மனுச் செய்திருந்தது. அவனுக்கு இங்கே பட்டம் புரொடக்‌ஷன் மேனேஜர். அவனுக்குக் கீழே பதினெட்டு ஆப்பரேட்டர்கள். அமெரிக்க இலாகா பட்டத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று பார்த்தது. அவர்களில் ஒருவர்கூட இன்னொருவரை மேற்பார்க்கிற அதிகாரி இல்லை. பட்டப்படிப்புத் தேவைப்படுகிற உத்தியோகத்திலும் யாரும் இல்லை. ஆகவே இவன் நேரடியாக ஆட்களை வேலை வாங்குகிற முதல்படி மேற்பார்வையாளன், மேனேஜர் இல்லை என்று தீர்த்துவிட்டது. நம் பாஷையில் சொன்னால், "உன்னைத் துரை என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் நீ செய்வது கங்காணி வேலை" என்று அந்தக் கடிதம் சொன்னது.

இது அந்தப் பையனுக்கு மட்டும் சொன்ன புது விளக்கம் அல்ல. அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. எல் விசா 1970இல் வந்தது. அதில் போகிறவர்கள் தற்காலிகமாகத்தான் போகிறார்கள். மேனேஜர்களுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு. நிரந்தரமாகத் தங்குவதற்கான வழியை 1990ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. அதற்கு இ.பி.-1சி என்று பெயர். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, அமெரிக்காவுக்கு வெளியே அதே கம்பெனியிலோ அதன் உறவுக் கம்பெனியிலோ மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பது. நிரந்தர வழிக்கு அந்த ஓராண்டும் மேனேஜராகவோ அதற்கு மேற்பட்ட நிர்வாகியாகவோ இருந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கிளையும் ஓராண்டாவது வியாபாரம் நடத்தியிருக்க வேண்டும்.

மேனேஜர் என்றால் யார்? ஒரு பிரிவை அல்லது கம்பெனிக்கு இன்றியமையாத ஒரு காரியத்தை நடத்துகிறவர். மற்ற மேற்பார்வையாளர்களையோ படித்த நிபுணர்களையோ மேற்பார்க்கிறவர். ஆள் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர், குறைந்தபட்சம் சிபாரிசு செய்கிறவர். அன்றாடக் காரியங்களில் சொந்தமாக முடிவெடுக்கிறவர். இதோடு சட்டம் நிறுத்தவில்லை. வெறும் மேற்பார்வை செய்வதனால் மட்டும் முதல்படி மேற்பார்வையாளர் மேனேஜராகிவிட மாட்டார், அவருக்குக் கீழே இருப்பவர்கள் நிபுணர்களாக இருந்தாலொழிய என்று தனியாக ஒரு வரியும் எழுதி வைத்திருக்கிறது. நூறு பேரைப் பெரட்டில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற கங்காணி அந்த வரியில் அடிபட்டுப் போகிறார். நாலே நாலு கிராணிமாரை வைத்துத் தோட்டம் முழுவதையும் நடத்துகிற துரை தப்பித்துக்கொள்கிறார்.

இங்கே நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிற ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். "எக்சிகியூட்டிவ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சேல்ஸ் எக்சிகியூட்டிவ் என்றால் கடை கடையாக ஏறி இறங்குகிற பையன். டிப்ளோமா முடித்து முதல் வேலையில் சேருகிற பெண்பிள்ளைக்கும் அட்மின் எக்சிகியூட்டிவ் என்று கார்டு அடித்துக் கொடுக்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சொல் மேனேஜருக்கும் மேலே இருக்கிறவரைக் குறிக்கும். கம்பெனியின் குறிக்கோளையும் கொள்கையையும் வகுக்கிறவர், டைரக்டர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் மட்டும் பொதுவாகப் பதில் சொல்கிறவர். கார்டில் உள்ள அந்த ஒரு சொல்லை நம்பி மனுப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் தோட்டப்புறத்தில் முன்பு ஒரு கடைக்காரருக்கு எல்லாரும் முதலாளி என்றுதான் பெயர் சொல்வார்கள். ஆனால் அவரே மிளகாய் நிறுப்பார், அவரே பொட்டலம் கட்டுவார், அவரே கணக்கு எழுதுவார். அமெரிக்க இலாகாவின் கண்ணுக்கு அவர் முதலாளியாகத் தெரியமாட்டார். பொருளைச் செய்வதும் சேவையைக் கொடுப்பதும் யாருடைய முக்கிய வேலையோ அவர் மேனேஜர் அல்ல என்று 1988இலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது.

ஆனாலும் சின்ன இடத்தில் இருக்கிறவருக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2016இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அமெரிக்கக் கிளையில் ஆள் குறைவு. அதனால் இவர் மேனேஜராக இருக்க முடியாது என்று கீழே மறுத்திருந்தார்கள். ஜப்பானில் உள்ள தலைமை இடத்தில் எட்டுப் பேர் அவருக்காகவே வேலை செய்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மேலே சொன்னார்கள். அடுத்த ஆண்டு, 2017இல், இன்னொரு தீர்ப்பு. ஆட்களை நேரடியாக மேய்க்காமல், கம்பெனிக்கு உயிர்நாடியான ஒரு காரியத்தை உயர்ந்த இடத்திலிருந்து நடத்துகிறவரும் மேனேஜரே. ஆனால் அந்தக் காரியத்தை அவரே உட்கார்ந்து செய்யக் கூடாது, நடத்த வேண்டும் என்று அது விளக்கியது. இந்த இரண்டு தீர்ப்புகளும் மேல்முறையீடு செய்தவர்களால் கிடைத்தவை. முதல் மறுப்போடு வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருக்காது.

இப்போது மேல்முறையீட்டுக்கு வருவோம். என்னைப் போன்ற வாத்தியார் வர்க்கத்துக்கு அது எளிதில் விளங்குகிறது. பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள். தாளைத் திருத்துகிறவர் எழுதினதைத்தான் பார்ப்பார். வீட்டில் நன்றாகப் படித்தான், கேட்டால் வாயால் சொல்லுவான் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. எஸ்.பி.எம். தாளை மறுபார்வைக்குக் கொடுத்தாலும் அதே தாளைத்தான் மறுபடியும் பார்ப்பார்களே தவிர, புதிதாக ஒரு தாளை எழுதிச் சேர்க்க விடமாட்டார்கள். அமெரிக்க இலாகாவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மனு போனதும், ஆதாரம் போதவில்லை என்று நினைத்தால் அந்த இலாகா கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் எழுதும். அதிகபட்சம் 84 நாள் தவணை கொடுக்கலாம். உண்மையான பரீட்சை அதுதான். யார் யாருக்குக் கீழே என்று காட்டுகிற உத்தியோக அட்டவணை, ஒவ்வொருவருடைய படிப்பு, சம்பளப் பட்டியல், வாரத்தில் எத்தனை பங்கு நேரம் எந்த வேலைக்குப் போகிறது என்ற கணக்கு, ஆள் சேர்த்த கடிதம், வேலை நீக்கச் சிபாரிசு, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இவையெல்லாம் அப்போது போக வேண்டும். கேட்டும் கொடுக்காமல் விட்டதை மேல்முறையீட்டில் கொண்டுபோய் நீட்டினால் ஏற்கமாட்டார்கள். இன்னொன்று: சட்டத்தில் உள்ள வார்த்தைகளையே திருப்பி எழுதி, "இவர் முக்கியப் பிரிவை நிர்வகிக்கிறார், சுயேச்சையாக முடிவெடுக்கிறார்" என்று பூசி மெழுகினால் அது ஆதாரமாகாது என்று ஃபெடின் பிரதர்ஸ் வழக்கில் 1989இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று சொல்லியிருக்கிறது. இன்றைக்கும் மறுப்புக் கடிதங்களில் அந்த வழக்கின் பெயரைப் பார்க்கலாம். எவ்வளவு நிரூபித்தால் போதும் என்பதற்கும் அளவு உண்டு. சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே தராசு கொஞ்சம் சாய்ந்தால் போதும் என்று 2010ஆம் ஆண்டின் ஒரு முன்மாதிரித் தீர்ப்பு கூறுகிறது.

மறுத்துவிட்டால், கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஐ-290பி என்ற பாரத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தபாலில் வந்த கடிதமானால் 33 நாள். முதலில் மறுத்த ஆபீசே அதை ஒருமுறை திருப்பிப் பார்க்கும். 45 நாளுக்குள் தன் முடிவை மாற்றிக்கொள்ளாவிட்டால் வாஷிங்டன் பக்கத்திலுள்ள நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். அங்கே ஆறு மாதத்துக்குள் முடிப்பது வழக்கமான இலக்கு. அவர்கள் வழக்கு முழுவதையும் புதிதாகப் பார்ப்பார்கள். இது நல்லதுதான், ஆனால் கீழே கண்ணில் படாத குறையும் மேலே கண்ணில் படலாம். புதிய சங்கதி கிடைத்திருக்கிறது என்றால் மறுபடி திறக்கச் சொல்லியும், சட்டத்தைத் தவறாகப் பார்த்துவிட்டார்கள் என்றால் மறுபரிசீலனை செய்யச் சொல்லியும் தனியாக மனுப் போடலாம். எல்லாம் முடிந்தாலும் நீதிமன்றம் இருக்கிறது. ஒன்றும் வேண்டாம், குறையைச் சரிசெய்து புதிதாக மனுப் போடுகிறோம் என்றாலும் யாரும் தடுப்பதில்லை. பல கம்பெனிகளின் வக்கீல்கள் கடைசி வழியைத்தான் விரும்புகிறார்கள், அது சீக்கிரம் முடிகிறது என்பதால்.

இவ்வளவு கதவுகள் இருந்தும் அந்தத் தாயாரின் மகனுக்கு ஒன்றும் திறக்கவில்லை. காரணம் இதுதான். மனு அவனுடையது அல்ல. கம்பெனியுடையது. மனுச் செய்வதும் கம்பெனி, ஆதாரம் கொடுப்பதும் கம்பெனி, மேல்முறையீடு செய்கிற உரிமையும் கம்பெனிக்கு. யாருக்காக மனுப் போடப்பட்டதோ அவன் சட்டத்தின் பார்வையில் பயன்பெறுகிறவன் மட்டும். பொதுவாக அவன் பெயரில் மேல்முறையீட்டை வாங்கமாட்டார்கள். நான் கணக்குப் பார்த்தபோது கடிதத் தேதியிலிருந்து பத்தொன்பது நாள் ஓடியிருந்தது. மகனைக் கூப்பிட்டு, கம்பெனியின் ஆள்வள அதிகாரியிடம் எழுத்து மூலமாகக் கேட்கச் சொன்னேன். அவன் எழுதினான். "மேலிடத்தில் ஆலோசிக்கிறார்கள்" என்று பதில் வந்தது. முப்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் போயிற்று. பிற்பாடு விசாரித்ததில், அதற்குள் கம்பெனி வேறொரு கிளையிலிருந்து ஒருவரை அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது தெரிந்தது. கம்பெனிக்கு ஓர் இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். இவனோ வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தான். மனைவி கிளினிக் வேலையை விட்டிருந்தாள். காரை விற்றிருந்தார்கள். ஊரெல்லாம் சொல்லி, கோயிலில் அர்ச்சனையும் செய்தாயிற்று. இப்போது காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் அதே ஆலைக்குப் போகிறான். மருமகளுக்கு முன்பைவிட முந்நூறு வெள்ளி குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது.

ஆகவே கம்பெனி அனுப்பப் போகிறது என்று சொன்னால், மனுவின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். தன்னுடைய வேலையைப் பற்றி ஆபீசில் யாரோ ஒருவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க அவனுக்குத்தான் தெரியும். நகல் கொடுக்கக் கம்பெனிக்குக் கட்டாயம் இல்லைதான்; ஆனால் கேட்டால் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. மறுப்பு வந்தால் மேல்முறையீடு செய்வீர்களா, யார் செலவில், எத்தனை நாளுக்குள் முடிவு சொல்வீர்கள் என்பதையும் மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்கலாம். பிறகு கேட்டால் ஆலோசிக்கிறோம் என்பார்கள்.

மேல்முறையீடே இல்லாத வாசல் ஒன்றும் உண்டு. மிகப் பெரிய கம்பெனிகள் ஒரு கூட்டு அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதன் கீழ் போகிறவர் நேராகத் தூதரகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் நிற்பார். இந்தியாவில் இப்படிப்பட்ட கூட்டு அனுமதி எல் விசாக்களையெல்லாம் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலேயே பார்ப்பது என்று 2011 டிசம்பரில் ஏற்பாடு செய்தார்கள். அதனால் பம்பாய்க்காரரும் டில்லிக்காரரும் மவுண்ட் ரோடு பக்கம் வந்து நிற்க வேண்டியதாயிற்று. சில நிமிஷப் பேச்சு. தூதரக அதிகாரி இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. நீதிமன்றங்களும் பொதுவாக அதில் தலையிடமாட்டா. ஆனால் கம்பெனி விரும்பினால் அதே ஆளுக்காக அமெரிக்க இலாகாவிடம் தனி மனுப் போடலாம். அந்தத் தனி மனு மறுக்கப்பட்டால் மேலே சொன்ன முப்பது நாள் வழி திறக்கும். ஒரே ஆள், ஒரே வேலை. எந்த வாசலில் நுழைந்தான் என்பதைப் பொறுத்து ஒன்றில் மறுபேச்சு உண்டு, மற்றதில் இல்லை. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

அமெரிக்கா தூரம். மாசாய்க்காரர்களுக்கு அக்கரை என்றால் முதலில் சிங்கப்பூர்தான். அங்கே மேனேஜர் மாதிரியான உத்தியோகத்துக்கு எம்பிளாய்மெண்ட் பாஸ் வேண்டும். 2025 ஜனவரி முதல் புதிதாக மனுச் செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்தார்கள். பணத் துறைக்கு அதைவிட அதிகம், வயது கூடினால் தொகையும் கூடும். 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளியும் எடுக்க வேண்டும். சம்பளம், படிப்பு, கம்பெனியில் எத்தனை நாட்டவர், உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று புள்ளி போடுவார்கள். ஒரே கம்பெனியின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி வருகிற மேனேஜர், நிர்வாகி, நிபுணர் ஆகியோருக்கு அந்தப் புள்ளிக் கணக்கு கிடையாது. அதற்குக் குறைந்தது ஓராண்டு கம்பெனியில் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் இந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு; மாற்றல் முடிந்ததும் அங்கேயே வேறு கம்பெனிக்குத் தாவலாம் என்று நினைத்துப் போகக் கூடாது. மறுத்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. இங்கேயும் கம்பெனிதான் செய்ய வேண்டும். புதிய விவரம் ஒன்றும் இல்லாமல் கெஞ்சி எழுதினால் அதே பதில்தான் வரும் என்று மனிதவள அமைச்சே சொல்லிவிடுகிறது.

சரி, நம் நாட்டில்? இங்கே வருகிற வெளிநாட்டு மேனேஜருக்கும் பாஸ் வேண்டும். ஆலைகளில் சில பதவிகளை முக்கியப் பதவி என்பார்கள். போட்ட முதலைக் கவனித்துக்கொள்ளக் கம்பெனியின் சொந்த ஆள் ஒருவர் தொடர்ந்து இருக்கலாம். மற்றவை தவணைப் பதவி. சில ஆண்டு இருந்து உள்ளூர்க்காரரைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும். இதெல்லாம் வந்ததற்குப் பின்னால் நம்முடைய தோட்டங்களின் கதையும் இருக்கிறது. சுதந்திரம் வந்த 1957க்குப் பிறகும் பெரிய தோட்டக் கம்பெனிகளின் தலைமை லண்டனில் இருந்தது. துரைமார் அங்கிருந்து ஒப்பந்தத்தில் வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த பங்களாக்களில் இந்நாட்டவர் குடியேறினார்கள். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கத்ரி கம்பெனியை வாங்கியதோடு அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்தது.

இடையில் ஒரு சட்டம் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தேதி தெரியாவிட்டாலும் வலி தெரிந்திருக்கும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் எவரும் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. 1969 கலவரத்துக்குப் பிறகு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். எழுத்தில் அது பேதம் பார்க்கவில்லை. பங்களாவில் இருந்த வெள்ளைக்காரருக்கும் பெர்மிட், லயத்தில் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த பால்மரத் தொழிலாளிக்கும் பெர்மிட். ஆனால் ஒருவருக்காகக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்து மனுப் போயிற்று. மற்றவர் பிழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, எந்தக் கவுண்டரில் எதைக் கேட்பது என்று தெரியாமல் வரிசையில் நின்றார். சங்கம் பேசியது, எழுதியது. ஆனாலும் பல்லாயிரம் பேர், இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே தாய் தகப்பனைப் புதைத்தவர்கள், ரஜுலா கப்பலில் ஏறிப் பார்த்தறியாத ஊருக்குப் போனார்கள். மேல்முறையீடு என்ற சொல்லையே அவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இன்றும் நம் குடிநுழைவுச் சட்டத்தில் 59ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அமைச்சரோ தலைமை இயக்குநரோ எடுத்த முடிவை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. நடைமுறையைச் சரியாகப் பின்பற்றினார்களா என்பதை மட்டும் பார்க்கலாம் என்கிறது அது. இப்போது நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிற வங்காளதேச, இந்தோனேசியத் தம்பிகளின் பாஸும் முதலாளியோடு கட்டிப் போடப்பட்டதுதான். முதலாளி புதுப்பிக்க மறந்தால் சட்ட விரோதமாக இருந்தவன் என்ற பெயர் தொழிலாளிக்கு. அமெரிக்கா போக முடியாத நம் பையனுக்கும் இவர்களுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், காகிதம் இன்னொருவர் கையில் என்பதில் வித்தியாசம் இல்லை.

பல தாய்மார்களுக்கு வருகிற ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கக் கொடுக்கிற விசாவுக்கு நாட்டுவாரியாக வரிசை உண்டு. இந்தியர்களுக்கு அந்த வரிசை நீளம். மேனேஜர்கள் சேர்ந்த முதல் பிரிவிலேயே சில ஆண்டுகளாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. "நாமும் இந்தியர்தானே, நமக்கும் அப்படியா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அவர்கள் பார்ப்பது இனத்தை அல்ல, பாஸ்போர்ட்டைக்கூட அல்ல, பிறந்த நாட்டை. மாசாயில் பிறந்த தமிழர் மலேசியக் கணக்கில்தான் வருவார். தமிழ்நாட்டில் பிறந்து இங்கே மருமகனாகவோ மருமகளாகவோ வந்தவர் இந்தியக் கணக்கு; ஆனால் அவருடைய துணை மலேசியாவில் பிறந்தவரானால் துணையின் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு அவர்கள் 21 வயதுக்குட்பட்டு, கல்யாணமாகாதவர்களாக இருக்க வேண்டும். வழக்கு இழுத்துக்கொண்டே போனால் பத்தொன்பது வயதில் சேர்த்த பிள்ளை வயது தாண்டிவிடக்கூடும். வயதைக் கணக்கிடுவதில் சில சலுகைகள் உண்டு என்றாலும் அது வக்கீல் பார்க்க வேண்டிய கணக்கு. பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரத்தில் பெயரும் தகப்பன் பெயரும் கிராணியார் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் என்றால் பதிவு இலாகாவில் இப்போதே திருத்திக்கொள்வதுதான் சுலபம்.

சிவப்பு அடையாளக் கார்டை இன்னும் வைத்திருக்கும் பாட்டிமார் குடியுரிமைக்கு மனுச் செய்வது எப்படி என்று இரண்டு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.